கப்பலுக்கு முன்னால் மூன்று நாள்

டில்லிபாபு அடித்தால் அடி விழும் சத்தம் கேட்காது. வாங்குகிறவர் போடும் சத்தம்தான் கேட்கும். ஈரத் துண்டை நாலாக மடித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு அடிப்பார். முகத்தில் கை வைக்க மாட்டார். விலா, தொடை, குதிகால், அவ்வளவுதான். தோல் கன்றாது, ஆனால் வாங்கியவன் ஒரு வாரத்துக்கு மாடிப்படி ஏற மாட்டான். எங்கள் கடையில் பில் போடுவது ஒரு வேலை, புடவை மடிப்பது ஒரு வேலை, திருடு பிடித்து அடிப்பது ஒரு வேலை. இருபத்தைந்து வருடம் அந்த மூன்றாவது வேலையைத்தான் அவர் பார்த்தார்.

கடை தி.நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். பெயர் சொல்ல மாட்டேன். நான் ஷகீலா. ராயப்பேட்டையிலிருந்து தினம் பஸ் பிடித்து வந்து, மூன்றாவது மாடிப் பட்டு செக்‌ஷனில் பதினாறு வருடம் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை விரித்தவள். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கடையில் சொல்வார்கள். நீளவேண்டிய நேரத்தில் அது நீளவில்லை. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

டில்லிபாபு அடையாறு ஆற்றோரக் குடிசையில் பிறந்தவர். குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். முதலில் கடையில் மூட்டை தூக்கும் ஆளாகச் சேர்ந்தார். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் எவனோ ஒரு அம்மாள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓட, இவர் தலையிலிருந்த மூட்டையை அப்படியே அவன் மேல் தள்ளிவிட்டார். அவனுக்கு இடுப்பெலும்பு போனது. பெரிய முதலாளி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாளே டில்லிபாபுவுக்கு நீலச் சட்டையும் ஒரு விசிலும் கிடைத்தன.

நாலாவது மாடியில் பொம்மை ரூம் என்று ஒன்று உண்டு. கை போன, தலை போன துணிக்கடைப் பொம்மைகளை அங்கேதான் போட்டு வைப்பார்கள். பிடிபட்டவர்களை அங்கே கூட்டிப்போவார். போலீஸ், ஸ்டேஷன் என்று அலைந்தால் சீசன் வியாபாரம் கெடும் என்பது முதலாளிமார் கணக்கு. அடித்து, ‘நான் திருடினேன், இனி திருட மாட்டேன்’ என்று எழுதி வாங்கி, வீட்டு ஆளை வரவழைத்து அனுப்பிவிடுவார்கள். டில்லிபாபுவுக்கு ஒரு வழக்கம். அடித்து முடித்ததும் துண்டை உதறிக் காயப்போட்டுவிட்டு, அடி வாங்கியவனுக்கே டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த ஊர்ப்பா நீ?” என்று கேட்பார். அவன் விக்கி விக்கி ஊரைச் சொல்லுவான். இவரும் கல்யாண வீட்டுக்கு வந்தவனை விசாரிப்பது மாதிரி அங்கே மழையெல்லாம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் மட்டும் அவர் கை நீளாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை நீண்டதாம். அவர் பெண்டாட்டி பொன்மணி சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். அருவாமனையைத் தூக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றாளாம். “இன்னொரு தபா கைய வெச்சுப் பாரு. வஞ்சிரத்த வெட்டுறாப்ல துண்டு போட்ருவேன்.” அதோடு வீட்டில் அந்த விளையாட்டு நின்றது.

இந்தப் பொங்கல் முடிந்து, ஊழியர் விழா வைத்து சின்ன முதலாளி டில்லிபாபுவை மேடைக்கு அழைத்தார். இருபத்தைந்து வருட விசுவாசத்துக்குப் பரிசாக, கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சொகுசுக் கப்பல் பயணம். கொச்சியில் ஏறி மும்பையில் இறங்க வேண்டும். கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஏதாவது ஓர் ஊரில் மூன்று நாள் தங்கிச் சுற்றிப் பார்க்கலாம், அந்தச் செலவும் கடையுடையது. ஊரை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் கை தட்டினோம். பொன்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அதுவரை மெரினாவைத் தாண்டி எந்தத் தண்ணீரையும் பார்த்ததில்லை.

டிராவல்ஸ் ஆபீஸ் பாண்டி பஜாரில். படிவமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்குமென்று பொன்மணி என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். அங்கே டயானா என்று ஒரு பெண், சின்ன வயது, சிரித்த முகம். கணினியைத் திருப்பி ஒவ்வொரு ஊராகப் படம் காட்டினாள்.

“ஐதராபாத் எடுத்துக்கலாமா சார்? பிரியாணி, சார்மினார், வளையல் கடை...”

“அதான், அதான்,” என்றாள் பொன்மணி. “வளையலு அங்கதான் நல்லாக் கீதாம்.”

டில்லிபாபு தலையாட்டினார். “ஐதராபாத்து வேணாம்மா. அங்க ஒருத்தன் கீறான்.”

“பெங்களூர்?”

“அங்க ரெண்டு பேரு.”

“மைசூர் சார்? பேலஸ் சூப்பரா இருக்கும்.”

“ஒரு புருசன் பொண்டாட்டி. அந்தாளு பாவம், கொஞ்சம் ஜாஸ்தியா...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

டயானா கலகலவென்று சிரித்தாள். “உங்களுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரங்களா சார்? அப்ப மதுரை?”

“ஐயோ, மதுரையில அஞ்சாறு பேரு.”

அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் சொன்னது சொந்தக்காரர் கணக்கில்லை. இந்த நாட்டில் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இவருக்குத் தான் அடித்த ஒருவனுடைய விலாதான் ஞாபகம் வருகிறது. பொன்மணிக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. முகம் இருண்டு போய்க் கையிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“கோயம்புத்தூர் போவலாமா?” என்றார் டில்லிபாபு.

டயானா சங்கடப்பட்டாள். “அது லிஸ்ட்லயே இல்ல சார். அங்க என்ன பாக்கப் போறீங்க?”

“யோவ்,” என்று பொன்மணி எகிறினாள். “கப்பலு ஏறப்போற மூஞ்சிக்குக் கோயம்புத்தூரா? அங்க இன்னாய்யா கீது? மில்லும் மோட்டாரும் பாக்கவா என்னை இஸ்துக்கினு போற?”

நான் சட்டென்று குறுக்கே விழுந்தேன். “டில்லிண்ணே, ஐதராபாத்தே போங்க. அக்கா ஆசைப்படுறாங்க இல்ல? கோயம்புத்தூரெல்லாம் வேணாம்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. “நீ சும்மா இரும்மா,” என்று மட்டும் சொன்னார். டயானா யாருக்கோ போன் பண்ணி அனுமதி வாங்கினாள். படிவத்தில் ஊரின் பெயரை நான்தான் எழுத வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் யார் இருக்கிறாள் என்று எனக்கும் டில்லிபாபுவுக்கும் மட்டும் தெரியும். கெங்கம்மா.

பதினோரு வருடத்துக்கு முந்தைய ஆடித் தள்ளுபடி. சென்னையில் அக்காள் வீட்டுக்கு வந்திருந்த கெங்கம்மா, தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்கள் கடைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தோளில் துணிப்பை. மயில் கரை போட்ட அரக்குப் பட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். ஆசையாகத் தடவிப் பார்த்தாள். விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். “இன்னொருக்கா வர்றனுங்,” என்று எழுந்து கீழ்த்தளத்துக்குப் போய்விட்டாள்.

அந்தப் புடவை எனக்கு மயிலாப்பூர் மாமி ஒருவரை ஞாபகப்படுத்தியது. வருஷா வருஷம் என்னிடமே எடுக்கிறவர். நாங்கள் விற்கிறவர்கள் இப்படி நல்ல உருப்படியாகப் பார்த்து வாடிக்கைக்காரருக்கென்று ஒளித்து வைப்பதுண்டு. யாருக்கும் தெரியாமல், உட்கார்ந்திருக்கும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுவோம். கடைச் சட்டப்படி அது தப்பு. தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். ஆனாலும் செய்யாத ஆள் கிடையாது. நானும் செருகினேன். அதற்குப் பிறகு நாற்பது பேருக்குப் புடவை விரித்தேன்.

மூன்று மணிக்கு விலையுயர்ந்த உருப்படிகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று குறைந்தது. செக்‌ஷன் மேனேஜர் என் தலைக்கு மேல் நின்று கத்தினான். “மயில் கரை எங்க? கடைசியா யார் கையில இருந்துச்சு?” எதிரில் நாலு வாடிக்கைக்காரர்கள், மடியில் ஏழு புடவை. நான் நிமிரக்கூட இல்லை. “ஒரு கோயம்புத்தூர் அம்மா பார்த்துக்கினு இருந்தாங்க சார்,” என்றேன். சத்தியமாக அந்த நிமிஷம் எனக்கு நினைவில்லை. கேமராவில் பார்த்தார்கள். கெங்கம்மா தன் பையில் எதையோ திணிப்பது தெரிந்தது. அவளுடைய பழைய துண்டு அது. தள்ளுபடிக் கூட்டத்தில் இன்னும் கீழே பில் வரிசையில் நின்றவளைப் பிடித்து மேலே கொண்டுபோனார்கள்.

பெண்களை விசாரிக்க ஓர் அம்மாள் உண்டு. அவள் அன்று லீவு. டில்லிபாபுதான் போனார். பட்டு செக்‌ஷனுக்கு நேர் மேலேதான் பொம்மை ரூம். “நான் எடுக்கலைங், நான் எடுக்கலைங்” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தது எங்களுக்குக் கேட்டது. வழக்கமாக எல்லோரும் இரண்டாவது அடியிலேயே ஒத்துக்கொள்வார்கள். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பொம்மையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாளாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கூட்டத்தோடு மல்லுக்கட்டிய டில்லிபாபுவுக்கு வெறி ஏறிவிட்டது. துண்டைத் தேடவில்லை. மூலையில் கிடந்த, துணி அளக்கிற இரும்பு மீட்டர் கம்பியை எடுத்து அந்த மணிக்கட்டில் இறக்கினார்.

“ஐயோ என் கையி!” என்ற அலறல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த அலறலில்தான் எனக்கு நினைவு வந்தது. புடவை எங்கே இருக்கிறது என்று நினைவு வந்தது. நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்கவில்லை. எழுந்து நாலு எட்டு வைத்து ஒரு சத்தம் கொடுத்திருந்தால் அடுத்த அடி விழுந்திருக்காது. அடுத்ததும் விழுந்தது, அதற்கு அடுத்ததும் விழுந்தது. வேலை போய்விடும், மகளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனவர் என்று ஆயிரம் சாக்கு வைத்திருக்கிறேன். எல்லாம் வெறும் சாக்கு, பயம்தான். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், “இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவள் இடது கையால் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி ரயிலேறி மறுநாள் காலை வந்த புருஷன், எங்கள் படிக்கட்டிலேயே அவளைச் செருப்பால் அடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் போன பிறகு நான் டில்லிபாபுவைத் தனியாகக் கூப்பிட்டு மெத்தையைத் தூக்கிக் காட்டினேன். “இப்பதாண்ணே பார்த்தேன்,” என்று பொய் சொன்னேன். அவர் அந்தப் புடவையைக் கையில் வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “என் வேலை போயிடும்ணே” என்று காலைப் பிடித்தேன். வேறு அலமாரியில் மாறிக் கிடந்தது என்று அவரே சொல்லிச் சமாளித்தார். வெள்ளிக்கிழமை மாமி வந்தார். “நேக்குன்னு எடுத்து வச்சிருக்கா பாரு. ஷகீலான்னா ஷகீலாதான்,” என்று சந்தோஷமாக ஆத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து வந்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் டில்லிபாபு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இருவத்தஞ்சு வருசத்துல மூணு நாளு சேந்தாப்ல லீவு இப்பதாம்மா கெடச்சிருக்கு. தீவாளிக்கும் இல்ல, பொங்கலுக்கும் இல்ல. அந்தப் பொண்ணு எழுதின கடுதாசிய நான் எடுத்து வெச்சிருக்கேன். அட்ரஸ் கீது. கைல குடுத்துட்டு, நீ திருடலம்மான்னு சொல்லிட்டு வந்துர்றேன்.”

“அண்ணே, என் பேரு...”

“உன் பேரு வராது.”

எனக்கு மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு நான் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

அவர்கள் சனிக்கிழமை ராத்திரி கிளம்பினார்கள். புதன்கிழமை கொச்சியில் கப்பல். செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தோம். படியில் திம் திம்மென்று சத்தம் கேட்டது. பொன்மணி ஏறி வந்தாள். கப்பலுக்கென்று வாங்கிய புதுப் புடவை. தோளில் கிழிந்து தொங்கியது. கன்னத்தில் நகக் கீறல். செருப்போடு வெள்ளை விரிப்பின் மேல் ஏறி நேராக என்னிடம் வந்தாள். “அக்கா” என்று நான் எழுந்ததுதான் தெரியும். விட்டாள் ஓர் அறை. மீன் வெட்டிக் காய்ப்புக் காய்த்த கை. புடவை அடுக்கின் மேல் போய் விழுந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, மறுபக்கமும் விட்டாள்.

“எந்திரிடி. எந்திரிச்சு வா என்கூட. என் ஊட்டுக்காரன் உன் பேர வாய்க்குள்ள வெச்சுக்கினு ஆஸ்பத்திரில கெடக்குறான்.”

மேனேஜர் ஓடி வந்தான். அவனையும் ஒரு தள்ளு தள்ளினாள். முதல் போணிக்கு வந்த குடும்பம் ஒன்று குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது.

நடந்ததை அவள் ரயிலில்தான் சொன்னாள், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. முதல் நாள் மருதமலைக்குப் போய்க் கும்பிட்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை, “ஒரு ஊட்டுக்குப் போயிட்டு வந்துரலாம்” என்று கூட்டிப்போயிருக்கிறார். ஊர் ஓரம், மோட்டார் பம்பு பட்டறைகள் இருக்கும் ஒரு தெரு. வரிசை வீடுகள். கெங்கம்மா கதவைத் திறந்தாள். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்ததைப் பார்த்ததும் இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடிதத்தை நீட்டினார். “நீ திருடலம்மா. நாந்தான் தப்பா அடிச்சிட்டேன்.”

கெங்கம்மா அழவில்லை. “அத எதுக்குங் என்றகிட்டச் சொல்றீங்க? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதுங்களா?” என்று கேட்டாளாம். “கை நாப்பது நாள்ல கூடிருச்சுங். நீங்க அடிச்சது ஒரு நாளு. அவுரு பதினோரு வருசமா அடிக்கறாரு. வீட்ல ஒரு கரண்டி காணமுன்னாலும் என்னைத்தான் அடிக்கறாரு. இந்தத் தெருவுல யாரும் என்னை வாசப்படி ஏத்தறதில்லீங். அவுருகிட்டச் சொல்லுங்.”

பன்னிரண்டு மணிக்குப் புருஷன் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தான். டில்லிபாபு சொன்னார். அவன் கேட்டு முடிக்கும் முன்பே திரும்பிக் கெங்கம்மாவை ஓங்கி அறைந்தான். “ஆளு புடிச்சு வந்து பேச வெக்கறியாடி?” டில்லிபாபு அவன் கையைப் பிடித்தார். அவ்வளவுதான், அவன் போட்ட கூச்சலில் பட்டறையிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள்.

“மெய்யாலுமே திருடலைன்னா, அப்பப் பொடவைய எடுத்தது யாரு? பேரச் சொல்லு,” என்றான் புருஷன்.

“அத்த மட்டும் கேக்காத. சொல்ல மாட்டேன்.”

“அப்பப் பொய்யி.”

பம்பு பெல்ட்டால் விழுந்தது முதல் அடி. பிறகு குழாய்த் துண்டு. டில்லிபாபு கையைத் தூக்கவே இல்லையாம். எப்படி அடித்தால் எங்கே உடையும் என்று அத்தனையும் தெரிந்த மனுஷன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மண்ணில் குப்புற விழுந்து வாங்கினார். பொன்மணி ஒருவன் கையைக் கடித்துச் சதையைப் பெயர்த்திருக்கிறாள். அவளைச் சுவரில் மோதினார்கள். டில்லிபாபுவுக்கு உடைந்தது விலாவெலும்பு மூன்று, தாடை, இடது முழங்கை. ஆட்டோவில் ஏற்றும்போது உள்ளே கெங்கம்மாவின் அலறல் கேட்டதாம்.

“நாங்க போய்த்தாண்டி அவளுக்கு மறுபடி விழுந்துச்சு,” என்றாள் பொன்மணி. “சாமி கும்புடப் போயி தேரையே கவுத்துட்டு வந்தா மாரி. அவனுக்கு வேண்டியது மன்னாப்பு இல்ல, பேரு. அந்தப் பேர இந்த ஆளு முழுங்கிட்டான். ஆஸ்பத்திரில வெச்சுத்தான் என்கிட்டயே கக்கினான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நான் கப்பலே பாக்கல,” என்றாள். சொன்னதும் அவளுக்கு அழுகை வெடித்தது. நானும் அழுதேன். அவள் என்னைத் தொடவிடவில்லை.

புதன்கிழமை காலை முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டில்லிபாபுவின் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கம்பி கட்டிய தாடையோடு என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். “நீ ஏம்மா வந்த? உன் பேரு வராதுன்னு சொன்னேன் இல்ல?” என்று பல்லிடுக்கில் முனகினார். கட்டிலுக்கு அடியில் அவருடைய பை இருந்தது. அதிலிருந்து கடையின் நீலச் சட்டையை எடுத்துப் பொன்மணி தரை துடைக்கப் போட்டிருந்தாள். அவருடைய நல்ல கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தத் தெருவுக்கு நடக்கும்போது பயமாக இருந்தது. அந்தப் பெல்ட், அந்தக் குழாய் எல்லாம் எனக்கும் விழலாம். விழட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டேன், ஆனாலும் உள்ளாடையெல்லாம் வியர்த்து ஒட்டியது. பொன்மணி எனக்கு இரண்டடி பின்னால் வந்தாள், நான் திரும்பி ஓடிவிடாமல் காவல் மாதிரி.

கெங்கம்மாவின் ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்.

“நான் அந்தக் கடையில பொடவை விரிச்ச ஷகீலா. மயில் கரைப் பொடவைய நீங்க எடுக்கல. நான்தான் வேற ஒருத்தருக்காக மெத்தைக்கு அடியில ஒளிச்சு வெச்சேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொன்மணிக்குத் தெரிந்தது அவ்வளவுதான், டில்லிபாபுவுக்கும் அவ்வளவுதான். ஆனால் அந்த மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டு பாதியை மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.

“மறுநாள்தான் பார்த்தேன்னு டில்லியண்ணன்கிட்டச் சொன்னேன். அது பொய். நீங்க ‘ஐயோ என் கை’ன்னு கத்தினப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. அந்தப் பொடவை மேலதான் உக்காந்துக்கினு இருந்தேன். எழுந்து வந்து சொல்லல. பயந்துட்டேன்.”

பின்னால் பொன்மணி “அடிப்பாவி” என்று மூச்சை இழுத்தது கேட்டது. உள்ளேயிருந்து புருஷன் எச்சில் கையோடு எழுந்து வந்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. கையை ஓங்கினான், என் மேலா அவள் மேலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. “அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” என்று தொடங்கினான்.

“நீங்க பேசாதீங்,” என்றாள் கெங்கம்மா. சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஓங்கிய கை அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் படியிறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நெரிகிற பிடி. தெருவுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள்.

“இப்பச் சொன்னத மறுக்காச் சொல்லுங்.”

சொன்னேன்.

“சத்தமாச் சொல்லுங். இந்த வீட்டுக்குக் கேக்கல.”

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். நான் கத்திச் சொன்னேன். அவள் அலறிய இடத்துக்கு வந்தபோது என் குரல் உடைந்துபோனது. அவள் விடவில்லை. அங்கிருந்தே மறுபடி தொடங்கச் சொன்னாள். ஒரு பெண் மட்டும் ஜன்னலைப் பாதி திறந்து பார்த்தாள்.

பிறகு என்னை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனாள். முதல் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து கேட்டார்கள். இரண்டாவது வீட்டிலும் கேட்டார்கள். அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். கெங்கம்மா என் கையை விடாமல் மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினாள்.